பாகற்காய்த் தூளும் சொல்லக் கூடாத சட்டமும்

என் அக்காவுக்கு வாயால் சொன்னால் எதுவும் ஏறாது. அச்சில் இருந்தால் ஏறும். காலண்டர்த் தாளின் பின்பக்கம், துணிக்கடை நோட்டீஸ், மூட்டைப்பூச்சி மருந்து டப்பா எல்லாமே அவளுக்கு வேதவாக்கு. "அச்சுல போட்டிருக்கான்டி, பொய்யாவா போடுவான்?" என்பாள். நாங்கள் கிறிஸ்தவர்கள். வேதம் அச்சில் இருப்பதால் அச்சில் இருப்பதெல்லாம் வேதம் என்று அவள் எங்கோ தப்பாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

நானோ மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவள். பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக்குவது என் பிழைப்பு. பொய் எப்படி அச்சாகிறது என்பதைத் தினமும் விரலில் மையோடு பார்த்தவள். 'மணமகன் தொழிலதிபர்' என்று கோத்துவிட்டு நிமிர்ந்தால், அந்தத் தொழிலதிபர் பத்திரிகையை வாங்கிப் போக அடுத்த வீட்டுக்காரனின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பார். இதையெல்லாம் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வாயால் சொன்னதுதானே, ஏறவில்லை.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், தோட்டத்துச் சில்லறைக் கடையில் ஆளாக இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் அந்த ரப்பர்த் தோட்டத்தை விற்று, பால்மரங்களைத் தள்ளி, எண்ணெய்ப்பனை நட ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டார்கள். அக்காவையும் அழைத்துக்கொண்டு ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்து ஒரு பலகை வீட்டில் குடியேறினார். சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஊறுகாய் போட்டார், அது பூத்துப் போயிற்று. பத்தி உருட்டினார், அது எரியவில்லை. பிறகு பாகற்காயில் வந்து நின்றார்.

லகாட் பக்கத்துச் சீனர்களின் தோட்டத்திலிருந்து பாகற்காய் மூட்டையாக வரும். அக்கா அதை வட்ட வட்டமாக அரிந்து, பின்கட்டுத் தகரத்தில் காயப்போட்டு, வறுத்துக் கொடுப்பாள். அத்தான் மாவு மில்லில் கொடுத்து அரைத்து வருவார். அவருக்குப் பின்னால் மிளகாய் அரைக்க வந்தவர்கள் வீட்டில் எல்லாம் அன்றைக்குக் கசப்புக் குழம்பு. மில்காரர் சத்தம் போட்டுப் பார்த்தார். "இப்ப கசக்கும் லா, பின்னாடி நல்லது" என்றார் அத்தான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவர் தன் வியாபாரத்தையே கட்டினார்.

எங்கள் ஜனங்களிடம் அப்போது ஒரு வைத்தியக் கணக்கு இருந்தது. சர்க்கரை வியாதிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் இனிப்பு நீர். இனிப்புக்கு எதிர் கசப்பு. ஆகவே கசப்பைத் தின்றால் இனிப்பு கழிந்துவிடும். டாக்டருக்குப் படித்தவர்கள் எதற்கு இத்தனை வருஷம் படிக்கிறார்கள் என்றே தெரியவில்லை, கடைச் சிலேட்டிலேயே கழித்துப் பார்த்துவிடலாம்.

பாக்கெட்டுக்கு லேபிள் வேண்டும் என்று அத்தான் முதலில் என்னிடம்தான் வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அக்கா பக்கத்தில் வடை சுட, அவரே யோசித்து எழுதிய வாசகம் அது. 'பாகற்காயில் அடங்கியுள்ள இயற்கைக் கசப்புச் சத்து இரத்தத்தில் உள்ள இனிப்பை வேரோடு அறுக்கும். ஆயுள் முழுவதும் மாத்திரை தின்னும் அடிமை வாழ்வு இனி இல்லை.' இதற்குக் கீழே மலச்சிக்கல், மூட்டுவலி, முடி உதிர்தல் என்று ஊரில் உள்ள சீக்கெல்லாம் வரிசையில் நின்றன.

"இதை என் கையால கோக்க மாட்டேன் அத்தான்" என்றேன்.

"ஏம்மா? இயற்கை லா. இயற்கைக்கு ஏது கெடுதல்?"

"எட்டிக்காயும் இயற்கைதான். ஒரு கரண்டி சாப்பிடுங்க, பாப்போம்."

எனக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் பேர். அத்தான் கோபித்துக்கொண்டு தாளைச் சுருட்டி எடுத்துப்போய் வேறோர் அச்சகத்தில் அடித்துக்கொண்டார். பச்சை மையில், பாகற்காய்ப் படத்தோடு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய். மலாய்ப் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: பாகற்காய்த் தூள். மலாய் படிப்பவர்களுக்கு அது காய்கறி. தமிழ் படிப்பவர்களுக்குச் சஞ்சீவி.

சில வருஷம் கழித்து அக்காவுக்கே இனிப்பு நீர் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், தினம் தவறாமல் போடவேண்டும் என்றார்கள். எங்களுக்கு இது புதிய விருந்தாளி அல்ல. அப்பாவுக்கும் இதுதான். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு ஆளே போய்விட்டார். அக்கா கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டாள். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் மாத்திரைப் பொட்டலம் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடக்கிறது.

"ஏன்க்கா நிறுத்திட்ட?"

"நம்ம தூளு இருக்கே. மாத்திரை வேணாம்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கு."

 அந்த வரியை அத்தான் தலையைச் சொறிந்து சொறிந்து எழுதியபோது கரண்டியோடு பக்கத்தில் நின்றவள் இவள். 'வேரோடு' என்று போடுங்க, 'அடியோடு' நல்லா இல்ல என்று திருத்தம்கூடச் சொன்னவள். ஆனால் அது அச்சுக்குப் போய் பச்சை மையில் திரும்பி வந்ததும் வேறு ஏதோ ஆகிவிட்டது. புருஷன் சொன்னது புருஷன் சொன்னதாக இல்லை, பாக்கெட் சொன்னதாகிவிட்டது.

அதிலும் அவள் சாப்பிட்ட விதம் இருக்கிறதே! கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீர் ஒரு குவளை குடிப்பாள், உடனே ஒரு கரண்டி தூள். மாதா கோயில் திருவிழாவில் கேசரி, குவேப் பலகாரம் எல்லாம் வளைத்துச் சாப்பிட்டுவிட்டு, கைப்பைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து இரண்டு கரண்டி. "அதுக்கு இது சரியாப் போச்சு" என்று வாயைத் துடைத்துக்கொள்வாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் மறுபடியும் மாத்திரை போடவேண்டும். கெஞ்சினேன், கத்தினேன், அப்பாவின் காலை ஞாபகப்படுத்தினேன். "உனக்கு வாய் மட்டுந்தான்டி" என்றாள்.

இந்த நேரத்தில், எண்பதுகளின் நடுவில், உணவுப் பொருளுக்கெல்லாம் புதிய சட்டம் வந்துவிட்டது என்று அச்சகத்தில் பேசிக்கொண்டார்கள். லேபிளில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று அதில் இருக்கிறதாம். கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டு அதை அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

நான் அக்கா வீட்டில் இருந்த ஒரு சனிக்கிழமை சுகாதார இலாகா அதிகாரி வந்தார். இளம் வயது மலாய்க்காரர், சாந்தமான முகம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கெட்டின் மலாய்ப் பக்கத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தார். திருப்பினார். தமிழ்ப் பக்கம் மேலிருந்து கீழ்வரை எறும்பு மொய்த்த மாதிரி எழுத்து. இது என்ன என்று கேட்டார்.

"சாமா, துவான், சாமா" என்றார் அத்தான். அந்தப் பக்கம் இருப்பதுதான் இந்தப் பக்கமும், ஐயா என்று அர்த்தம்.

ஒரு வரிக்கு இத்தனை எழுத்தா என்று அதிகாரி கேட்டார். தமிழில் எழுத்து கொஞ்சம் நீளம் என்றார் அத்தான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அதிகாரி சிரித்துவிட்டு, இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இருக்கிறார்களா என்று என்னைப் பார்த்தார். அத்தானும் பார்த்தார். "சும்மா நாலு நல்ல வார்த்தையா சொல்லி அனுப்பிரும்மா" என்று தமிழில், ஏதோ தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற குரலில் சொன்னார். அக்கா அடுப்படி வாசலில் தே குவளையோடு நின்றாள்.

நான் பாக்கெட்டை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மலாயில் சொன்னேன். வேரோடு அறுப்பதைச் சொன்னேன். அடிமை வாழ்வைச் சொன்னேன். மலச்சிக்கலைக்கூட விடவில்லை. அத்தான் இருமிக்கொண்டே இருந்தார். மாத்திரை வேண்டாம் என்கிற வரி வந்தபோது அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அவர் கோபப்படவில்லை. உணவு என்றால் உணவு, மருந்து என்றால் மருந்து. உணவை விற்றுக்கொண்டு வியாதியைத் தீர்க்கும் என்று லேபிளில் போடக்கூடாது, பாகற்காய்த் தூள் என்று மட்டும் போட்டுத் தாராளமாக விற்கலாம் என்று விளக்கினார். மறுபடி வந்து பார்ப்பேன் என்றும் சொன்னார். எழுந்து செருப்பை மாட்டியவர் கொஞ்சம் தயங்கினார். குரலைத் தாழ்த்தி, தன் அம்மாவுக்கும் இனிப்பு நீர் என்றும், இது நிஜமாகவே கேட்குமா என்றும் அத்தானிடம் கேட்டார்.

அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மிகவும் பணிவாக, அதைச் சொல்லக் கூடாது என்று துவான்தானே இப்போது சொன்னீர்கள், சட்டத்தை மீறி எப்படிச் சொல்வேன் என்றார்.

அதிகாரி ரொம்ப நேரம் தலையாட்டினார். பிறகு காசு கொடுத்து ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் அக்கா தே குவளையை மேசையில் டங்கென்று வைத்தாள். "கூடப் பொறந்தவளாடி நீ? இப்படியா காட்டிக் குடுப்ப?" என்று ஆரம்பித்தாள். அத்தான் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வாசலைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவருக்கு அந்த நிமிஷம் ஞானம் பிறந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பழைய லேபிள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தது. தமிழ் வாசகத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தார். ஒழிந்தது சனியன் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அக்கா என்னோடு பேசவில்லை, பரவாயில்லை; எழுத்து போய்விட்டதல்லவா, இனி நம்பிக்கையும் போகும் என்று காத்திருந்தேன். போகிறதா பார்க்கலாம் என்று, தாப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் சம்பள நாளன்று, கூப்பிடாமலே அவர்கள் தூள் விற்கப் போகும் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

தோட்டத்தில் சம்பள நாள் என்றால் ஆபீஸ் முன்னால் ஒரு சின்னச் சந்தையே கூடும். துணிக்காரர், பாத்திரக்காரர், பலகாரக்காரர் என்று ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்துவார்கள். அத்தான் மட்டும் வேன் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

"என்னாண்ணே இது, வெள்ளத்தாள ஒட்டி வச்சிருக்கீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அத நான் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"சட்டம். கவர்மெண்டு ஆளு வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. இது என்னா செய்யும்னு நான் வாயத் தொறந்தா என்னைப் பிடிச்சிருவாங்க. பாகற்காத் தூளு. அவ்வளவுதான் சொல்வேன்."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கவர்மெண்டே பயப்படுதுன்னா உள்ள ஏதோ இருக்கு லா" என்றார் ஒரு பெரியவர். அந்த ஆபீசர் தன் அம்மாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் போனதை அத்தான் சொல்லவில்லை. அதை அக்கா சொன்னாள்.

ஆமாம், லேபிளுக்குத்தான் சட்டம் இருந்தது. அக்காவின் வாய்க்கு இல்லை. "நான் மாத்திரைய விட்டு எத்தன காலமாச்சு தெரியுமா? என்னைப் பாருங்க" என்று வேன் பக்கத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பார்த்தார்கள். முன்பெல்லாம் அக்கா வாட்டசாட்டமான பொம்பளை. இப்போது ரவிக்கை தோளில் தொங்கியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "எப்பிடிக்கா இவ்வளவு இளைச்சீங்க! சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்று தோட்டத்துப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் வெட்கப்பட்டாள்.  அப்பா சாகிறதற்கு முன்னால் அப்படித்தான் இளைத்தார்.

"அது சீக்குல இளைச்ச உடம்பு! அவ மாத்திரை போடணும்!" என்று நான் கத்திவிட்டேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்போது கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்குப் பொறாம" என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு வேன் காலி. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் தாளை உரித்து, அடியில் இருந்ததைப் படித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வாசகத்தை அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

இப்படியே கொஞ்ச காலம் போயிற்று. பழைய லேபிள் தீர்ந்தது. அதை அடித்துக் கொடுத்த அச்சகக்காரர் சட்டத்தைக் கேள்விப்பட்டுப் பயந்து, இனி உங்கள் சகவாசமே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டார். அதிகாரியும் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார். அத்தான் என்னிடம் வந்து நின்றார்.

"நீயே அடிச்சுக் குடு. சட்டப்படி அடி. உனக்குத்தான் சட்டம் எல்லாம் தெரியுமே."

"அடிக்கிறேன். ஆனா நான் சொல்ற ஒரு வரிய அதுல போடணும்."

தாளில் எழுதிக் காட்டினேன். 'இது மருந்து அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.' அத்தான் படித்தார். சண்டைக்கு வருவார் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். அவர் தோளைக் குலுக்கினார்.

"போடு லா. ஆபீசரு பாத்தா சந்தோஷப்படுவாரு. மத்தபடி எவன் படிக்கிறான்?"

எவன் படித்தால் எனக்கென்ன, எவன் படிக்காவிட்டால் என்ன! நான் அதை ஊருக்காகப் போடவில்லை. ஒரே ஒரு ஆளுக்காகப் போட்டேன். வாயால் சொன்னால் ஏறாத ஆளுக்கு, அச்சில் இருந்தால் மட்டும் ஏறுகிற ஆளுக்கு, அவள் புருஷனின் பாக்கெட்டிலேயே, தமிழில். மரண அறிவிப்பில் இறந்தவர் பெயரைக் கோக்கிற தடித்த எழுத்து ஒன்று எங்களிடம் இருந்தது. அந்தப் பெட்டியைத்தான் திறந்தேன். பாகற்காய்ப் படத்தைச் சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளினேன். மிச்ச இடம் முழுக்க அந்த வரிதான். முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, தூள விக்கிறதா, இல்ல வாங்க வர்றவன ஓடச் சொல்றதா?" என்று கேட்டார். கறுப்பு மையில் அடித்தேன். இத்தனை வருஷ வேலையில் முழுசாக உண்மையான ஒன்றை நான் கோத்தது அதுதான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மை காய்ந்ததும் முதல் கட்டை நானே எடுத்துக்கொண்டு புந்தோங்குக்கு பஸ் ஏறினேன். மத்தியான நேரம். அத்தான் பாகற்காய் எடுக்கப் போயிருந்தார். அக்கா தனியாக இருந்தாள். இப்போது என்னோடு பேச ஆரம்பித்திருந்தாள். "வா, வா, தே போடுறேன்" என்று எழுந்தவள் குவளைக்கு வெளியே வெந்நீரை ஊற்றிவிட்டு, "இந்த வீட்டுல ஒரு வெளிச்சமும் கெடையாது" என்று வீட்டைத் திட்டினாள். நான் துணியை எடுத்துத் துடைத்தேன். எனக்கு அவசரம். கட்டைப் பிரித்து மேலே இருந்த லேபிளை உருவி அவள் கையில் கொடுத்தேன்.

"புது லேபிளா? நீயா அடிச்ச?" என்று சந்தோஷமாக வாங்கினாள். "கொண்டா பாப்போம். கடைசியில எங்க வழிக்கு வந்துட்ட பாத்தியா."

"படிக்கா" என்றேன். 

அவள் லேபிளைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். ஜன்னலண்டை போனாள். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தெரிந்தது. அக்கா அதைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"என்னடி இது, மை சரியாப் பிடிக்கலயா? எல்லாம் கலங்கிக் கெடக்கு. எழுத்து எங்க இருக்கு?"

 அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் எத்தனை நாளாக இப்படி என்று கேட்க வந்ததை விட்டுவிட்டு, லேபிளை வாங்கி, நானே சத்தமாகப் படித்தேன். "இது மருந்து அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்."

அக்கா கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"போடி இவளே. அதெல்லாம் நீ சொல்றது. அச்சுலயா போட்டிருக்கு?"